அமர ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு மனுஷன்

அடோல்ஃப் ஆண்டர்சன் என்றதும் செஸ் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். லண்டன், 21 ஜூன் 1851. ஒரு மந்திரி, இரண்டு யானை, கடைசியில் ராணியையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு மந்திரியையும் இரண்டு குதிரைகளையும் வைத்து 23-வது நகர்த்தலில் மேட் செய்தார். எதிரே இருந்த கீசெரிட்ஸ்கி இழந்தது மூன்றே சிப்பாய்கள்! தோற்ற அவரே அதைத் தன் செஸ் பத்திரிகையில் அச்சிட்டார். எனக்கு அவர்மேல்தான் கூடுதல் மரியாதை.

ஆனால் அது போட்டி ஆட்டமே இல்லை, சும்மா பொழுதுபோக்காக ஆடியது. போட்டி தனியே நடந்துகொண்டிருந்தது. முதல் சர்வதேசப் போட்டி, 16 பேர், தோற்றால் வெளியே. ஆண்டர்சன் பிரஷ்யாவின் ப்ரெஸ்லாவ் நகரத்தில் (இன்று போலந்தில் இருக்கிறது) பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். லண்டன் போகிற செலவை நினைத்துத் தயங்கினார். பரிசு கிடைக்காவிட்டால் செலவை நானே தருகிறேன் என்றார் ஸ்டாண்டன். பாவம், அவரையே அரையிறுதியில் 4-1 என்று வீழ்த்தி, ஆண்டர்சன் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார்.

பிறகு மறுபடியும் வகுப்பறை. செஸ்ஸுக்கு என்று இருந்தது பெரும்பாலும் விடுமுறைதான். 1858 கிறிஸ்துமஸ் லீவில் பாரிஸ் போய், 21 வயது அமெரிக்கப் பையன் பால் மார்ஃபியிடம் மாட்டினார். முதல் ஆட்டத்தை ஜெயித்தார். முடிவில் கணக்கு 2 வெற்றி, 7 தோல்வி, 2 டிரா. 1866-ல் ஸ்டைனிட்ஸிடம் 8-6. 14 ஆட்டத்தில் ஒன்றுகூட டிரா இல்லை.

கதை இங்கேயே முடிந்துவிட்டதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். நான் நிற்பது 1870-ல். பேடன்-பேடனில் போட்டி தொடங்குகிற நேரத்தில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஆட வந்த ஸ்டெர்ன் என்பவர் பாதியிலேயே படைக்குப் போய்விட்டார். மீதிப் பேர் ஆடினார்கள். ஸ்டைனிட்ஸ், பிளாக்பர்ன், நாய்மன் எல்லாம் இளம் புலிகள். 52 வயது வாத்தியார் ஸ்டைனிட்ஸை இரண்டு ஆட்டத்திலும் தோற்கடித்து, அரைப் புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பிடித்தார். ஆடம்பரமான தியாகம் எதுவும் இல்லாத இந்த வெற்றிதான் அவருடைய உச்சம் என்பேன்.

1877-ல் லைப்சிக் நகரத்தில், அவர் செஸ் கற்று 50 வருஷம் ஆனதைக் கொண்டாட ஒரு போட்டி வைத்தார்கள். விழா நாயகர் மாலையை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்காரவில்லை. தானும் ஆடினார், சூக்கர்டோர்ட்டுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். இரண்டு வருஷத்தில், 1879 மார்ச் 13 அன்று, ப்ரெஸ்லாவிலேயே இறந்துபோனார்.