காற்றில்லாக் கழிவுநீர்க் கலன்களில் கனிமப் படிவு

காற்றில்லாமல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கலன்களின் குழாய்கள், பம்புகள், நுண்ணுயிர்ச் சேற்றுமணிகள் ஆகியவற்றில் உப்புகள் இறுகிப் படிதல். கல்சியம் காபனேற்று, ஸ்ட்ரூவைட் (மக்னீசியம் அமோனியம் பொசுபேற்று) இரண்டும் முதன்மையானவை. நீர் கொந்தளிக்கும் வளைவுகளில் காபனீரொட்சைட்டு வெளியேற, பி.எச். உயர்ந்து படிவு கூடும்.

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் சுண்ணாம்புக்கல் பரவியிருப்பதால் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது. அந்நீரைப் பயன்படுத்தும் ஆலைகளின் கழிவுநீரிலும் கல்சியம் சேர்கிறது. தென்னை மிகுந்த ‘தெங்கு முக்கோணம்’ என்னும் பகுதியில் அடங்கும் இம்மாவட்டத்தின் தேங்காய்த் துருவல் ஆலைகள் போன்றவற்றில் இப்படிவு கவனிக்கத்தக்கது.

கட்டுப்பாடு: உள்நீரை மென்னீராக்கல், அமிலத்தன்மையைச் சமன்செய்யச் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் இருகாபனேற்று இடல், இரும்புக் குளோரைட்டால் பொசுபேற்றைப் பிணைத்தல், குழாய்களை மென் அமிலத்தால் கழுவல். மெதேன் உருவாக்கும் நுண்ணுயிர்களுக்காகக் கலனின் பி.எச். ஏறத்தாழ 6.8–7.4 ஆக இருக்கவேண்டும். தனிக் கலனில் படியவைத்த ஸ்ட்ரூவைட் உரமாகும்.