மண்டையின் கண்ணுள்ள பாதி

மண்டையில் ஓட்டை விழுந்தது என்றால் இன்றைக்கு ஆசுபத்திரிக்கு ஓடுவோம். புறநானூற்றின் 235ஆம் பாட்டில், அதியமானின் மார்பில் பாய்ந்த வேல் பாணரின் மண்டையையும் துளைத்துக்கொண்டு போனது என்று ஔவையார் அழுகிறார். அங்கே ஓட்டையானது எவருடைய தலையும் அல்ல, பாணர் ஏந்தி நின்ற உண்கலம். கொடுப்பவன் போய்விட்டான், இனி வாங்கும் கலம் எதற்கு? பாரியின் மலையைக் கபிலர் நினைத்துப் பாடும் 115ஆம் பாட்டில் பாணருக்குக் கள் வார்ப்பதும் இந்த மண்டை நிறையத்தான். வகுப்பில் அதைப் படித்த அன்று, "தலைக்குள்ளையோ வாக்கிறவை?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அவன் கேட்டது நல்ல கேள்வி என்று விளங்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.

சங்கத் தமிழில் மண்டை பாத்திரம். இரப்போர் கையிலிருக்கும் ஓட்டுக்கும் அதே பெயர். பிறகு அது தலைமேல் ஏறிவிட்டது. கன்னடத்தில் 'மண்டெ' என்றால் தலை. மலையாளத்தில் தென்னையின் உச்சிக்கும் 'மண்ட'. தமிழில் தலையெலும்புக்கு வழங்கும் மற்ற இரண்டு சொற்களும் இதே வழியில் வந்தவைதாம். ஓடு என்பது சட்டியின் உடைசல், ஆமையின் முதுகு, கூரையில் வேய்வது, துறவியின் திருவோடு. கபாலம் வடமொழியில் கிண்ணமும் மண்டையோடும் ஆகும். பிரமனின் தலையோட்டில் பிச்சை ஏற்ற கபாலியிடம் இரண்டு பொருளும் ஒரே கையில் சேர்ந்துகொண்டன. ஐரோப்பியரும் இதைத்தான் செய்தார்கள்: லத்தீனில் மண்சட்டிக்கு இருந்த 'டெஸ்டா' என்ற சொல் பிரெஞ்சில் தலையாயிற்று, ஜெர்மன்காரர் தலைக்குச் சொல்லும் 'கோப்ஃப்' ஒருகாலத்தில் கோப்பை. "உன்ரை மண்டைக்குள்ளை ஒண்டுமில்லை" என்று எங்கள் ஊரில் ஏசும்போது கலம் காலி என்றுதானே சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாக எங்கள் ஊரான சண்டிலிப்பாய்க்கு வரும் பஸ் ஆனைக்கோட்டையைக் கடந்துதான் வரும். 1980 டிசம்பரில் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அங்கே பெருங்கற்காலப் புதைகுழியை அகழ்ந்தது. 'கோவேத' என்று படிக்கப்படும் முத்திரையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு: எலும்புக்கூட்டோடு கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் அங்கே கிடந்தன. ஒரே மண்ணுக்குள் மண்டையும் மண்டையும்.

ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் மேற்பாதிக்கு வைத்தவை. மண்டை என்றதும் மனதில் வருவது கவிழ்த்த கலத்தின் வழுவழுப்பான முதுகு. அடியை யார் பார்த்தார்கள்?

அம்மம்மா தேங்காயை உடைத்தால் இரண்டு சிரட்டையையும் ஒன்றாகப் போடமாட்டா. கண்ணில்லாத பாதி அகப்பைக்கு, ஒழுகாது. கண்ணுள்ள பாதி புட்டுக்கு. கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால் ஆவி அதன் வழியே ஏறும். மூன்று கண்ணில் ஒன்றுதான் மெதுவானது. முளை வருவதும் அதன் வழியாகவே. தமிழில் கண் என்பது பார்ப்பதற்கு மட்டும் உரியதல்ல. மதகுக்கும் கண் உண்டு, முலைக்கும் கண் உண்டு. எதன் வழியாக ஏதாவது போய்வருகிறதோ அது கண்.

மண்டையோட்டின் அடிப்பாகம் கண்ணுள்ள பாதி. நடுவில் பெருந்துளை, அதன் வழியே மூளைத்தண்டு முள்ளந்தண்டுக்குள் இறங்குகிறது. முன்னால் இரு பக்கமும் முட்டை வடிவத் துளை. கீழ்த்தாடைக்குப் போகும் நரம்பின் வழி. அதற்குப் பின்னால் ஊசி போகிற அளவில் இன்னொன்று, மூளை உறைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிக்கு.

இவற்றைத் தமிழில் சொல்ல முனைந்தவர்கள் எங்களுக்கு அடுத்த ஊரிலேயே இருந்தார்கள். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் குடியேறினார். 1864 முதல் மாணவருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஹென்றி கிரேயின் உடற்கூற்று நூல் லண்டனில் 1858இல் வந்தது. பதினான்கு ஆண்டு கழித்து, 1872இல், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் அது தமிழில் இருந்தது. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழைத் தேடு, இல்லையென்றால் வடமொழி, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலத்தையே தமிழில் எழுது என்பது அவர் வழக்கம். அங்காதிபாதம் என்ற பெயரில் 'கேசாதிபாதம்' என்ற பிரபந்த வகையின் எதிரொலி கேட்பதாக எனக்குப் படுகிறது. முடியிலிருந்து அடிவரை பாடிய புலவர் எவரும் மண்டையைத் திருப்பிப் பார்த்தவர் இல்லை. மானிப்பாய் மாணவர்கள் திருப்பிப் பார்த்தார்கள்.

பார்த்தவர்களுக்குப் பெரிய சங்கடம், புத்தகமும் எலும்பும் ஒத்துப்போகாததுதான். நாவை அசைக்கும் நரம்பின் துளையை ஒரு சின்ன எலும்புப் பாலம் சிலருக்கு இரண்டாகப் பிரித்துவிடும். கழுத்துப் பெருநாளம் இறங்கும் வழி பெரும்பாலானோருக்கு வலப்பக்கம் பெரிது, மூளையிலிருந்து இறங்கும் இரத்தம் அந்தப் பக்கம் கூடுதலாகச் சாய்வதால். சிலருக்கு முட்டைத் துளைக்கும் ஊசித் துளைக்கும் நடுவே சுவரே இருக்காது. முட்டைத் துளைக்கு அருகே உள்முன்பக்கத்தில் வேறொரு சின்னத் துளை சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. 1543இல் தன் உடற்கூற்றுப் பெருநூலை வெளியிட்ட வெசேலியஸின் பெயர் அதற்கு. ஒரு சிறு நாளம் போகிற வழி. முகத்தில் மின்னல் வெட்டினாற்போல் வலிக்கும் முக்கிளை நரம்பு நோய்க்கு முட்டைத் துளை வழியே ஊசி ஏற்றும் வைத்தியருக்கு அது விளையாட்டல்ல. ஊசி தவறி இதற்குள் போனால் உள்ளே இரத்தம் கசியும்.

ஒற்றைக்கண் தேங்காய் கிடைத்தால் சனம் அதைச் சாமியறையில் வைக்கும். மண்டையில் ஒரு கண் கூடிக் குறைந்தால் 'வேறுபாடு' என்று எழுதிவைக்கிறோம். கூடிய கண்ணுக்கும் பெயர் இருக்கிறது, குறைந்ததற்குத்தான் இல்லை.

மருத்துவபீடத்தில் படிக்கும் என் மருமகள் லீவுக்கு வந்தபோது எலும்புப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தாள். படிப்பு இங்கிலீசில், ஆகவே அவளுக்குத் துளை 'போராமென்'. விறாந்தையில் பழைய பத்திரிகையை விரித்து, மண்டையோட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, தும்புத்தடிப் பக்கம் பார்த்தாள். பிறகு விளக்குமாறில் ஓர் ஈர்க்கு உருவினாள். முட்டைத் துளையில் விட்டாள், உள்ளே தெரிந்தது. ஊசித் துளையில் நுனியைச் சீவி விட்டாள், அதுவும் தெரிந்தது. பிறகு முட்டைத் துளைக்கு உள்முன்பக்கமாக, நான் வெறும் புள்ளி என்று நினைத்த இடத்தில் வைத்து மெதுவாகத் திருகினாள்.

"மாமா, இடப்பக்கம் போகுது."

ஓட்டைத் திருப்பி வலப்பக்கமும் அதே இடத்தில் வைத்தாள். ஈர்க்கு வளைந்தது.

"இந்தப் பக்கம் கண் இல்லை," என்றாள்.