உபகாரச் சம்பளம்: ஒரு வரலாற்று நோக்கு

கல்வி வேட்கை செல்வர் மாளிகையிலும் வறியோர் குடிலிலும் ஒப்பவே பிறக்கின்றது. ஆயின், பள்ளிப் படிப்பு முடிந்து பல்கலைக்கழக வாயிலை அடையுங்கால், செல்வர் மகன் உள்ளே புகுகின்றான். வறியோர் மகன் புறத்தே நின்றுவிடுகின்றான். அவனைக் கைப்பற்றி உள்ளே அழைத்துச் செல்லும் பொருளுதவியை நம் முன்னோர் உபகாரச் சம்பளம் என்று வழங்கினர். இந்நாளில் உதவித்தொகை என்கின்றோம். அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து, அதினின்றும் நம் சங்கத்தார் கொள்ளத்தக்கது யாதெனக் காண்பதே எம் கருத்து.

1913-ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்குவாட், பம்பாயில் பி. ஏ. தேறிய பீமராவ் அம்பேத்கர் என்னும் இளைஞரை அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். திங்களொன்றுக்கு 11½ பவுனாக 3 ஆண்டுகளுக்கு உதவி அளிக்கப்பெற்றது. தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பட்ட குடியிற் பிறந்த அவ்விளைஞர் 1916-இல் இலண்டனுக்குச் சென்று மேலும் கற்கத் தொடங்கினார். ஆயின் உதவியின் காலம் முடிந்தமையால், 1917-இல் கல்வியை இடையே நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. பின்னர்ப் பம்பாய்க் கல்லூரியொன்றில் ஆசிரியராயிருந்து ஈட்டிய பொருளும், கோல்காப்பூர் அரசர் சாகு மகாராசர் செய்த உதவியும், நண்பரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1923-இல் டி. எஸ்ஸி. பட்டம் பெற்றார். உதவி எத்துணைப் பெரிது என்பதோடு, அஃது இடையில் அறுந்தால் விளையும் இடர் எத்துணைக் கொடிது என்பதும் இவ்வொரு வாழ்விலேயே விளங்குகின்றது.

தாம் பட்ட இடரைப் பிறர் படாவண்ணம் செய்ய அவர் மறந்தாரில்லை. 1942-இல் வைசிராயின் நிருவாக சபையில் உறுப்பினரானபின், தாழ்த்தப்பட்ட மாணாக்கரின் உயர்கல்விக்கு அரசினர் பொருளுதவ வேண்டுமென்று வற்புறுத்தினார். அதன் பயனாக 1944-இல் அட்டவணைச் சாதி மாணாக்கர்க்கான உபகாரச் சம்பளத் திட்டம் தோன்றிற்று. சில ஆண்டுகளில் அது பழங்குடியினர்க்கும் விரிந்தது. மன்னரொருவரின் ஈகையாயிருந்தது மக்களின் உரிமையாக மாறிய வரலாறு இதுவேயாம்.

இனி நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். வணிகத்தில் வரும் ஊதியத்தில் ஒரு பகுதியை மகமையென்று ஒதுக்கி அறத்துக்குச் செலவிடுவது செட்டிநாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் சென்ற அப்பொருள் நாளடைவில் கல்விக்கும் சென்றது. கோட்டையூரில் 1909-இல் தோன்றிய வள்ளல் அழகப்பச் செட்டியார், 1947-இல் சென்னையில் நடந்த கூட்டமொன்றில், துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் புதிய கல்லூரிகள் வேண்டுமென்று விடுத்த வேண்டுகோளைக் கேட்டு, அவ்விடத்திலேயே 1 லட்சம் ரூபாய் தருவதாக முன்வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிற்று. மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கென 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் ஈந்தமை உலகறிந்ததே. அவர் மறைந்தது 1957-இல். அவர் பெயரிலேயே 1985-இல் பல்கலைக்கழகம் எழுந்தது.

கல்லூரி கட்டுவது உபகாரச் சம்பளம் ஆகுமோ என வினவலாம். ஆகும் என்போம். முன்னாளில் நம் பக்கத்துப் பிள்ளை பட்டம் பெற மதுரை, திருச்சி, சென்னை முதலிய நகரங்களுக்குச் சென்று தங்கவேண்டும். சம்பளப் பணத்தினும் சாப்பாட்டுச் செலவே பெற்றோரை வருத்தியது. ஊரருகே கல்லூரி எழுந்தபின் அச்செலவு ஒழிந்தது.

இந்நாளில் அரசினரின் திட்டங்களும் பலவாம். அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. அங்ஙனமாயின் நம் சங்கம் செய்யத்தக்கது யாது? யாம் கண்ட ஒன்றைக் கூறுகின்றோம்.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கனொருவன் கல்லூரியில் இடமும், உதவித்தொகைக்குத் தகுதியும் பெற்றான். தொகை கைக்கு வருமுன் விடுதிக் கட்டணம் செலுத்தும் நாள் வந்தது. தாயார் தம் தோட்டை அடகு வைத்தார். அடுத்த பருவத்துக்கு அடகு வைக்க அவரிடம் ஒன்றுமில்லை; பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போனான். பின்னர்த் தொகை வந்தது, பிள்ளை மீளவில்லை. அவன் நம் குலத்தானல்லன். ஆகலின் நம் சங்கத்து விண்ணப்பத் தாளை அவனுக்கு அளிக்க யாம் துணிந்திலேம். அக்குறை எம்முடையதே, அதனை மறைக்க யாம் விரும்பவில்லை.

நம் குலத்திலும் வறியோர் இல்லாமலில்லை. 1942-இல் பர்மாவை ஜப்பானியர் கைப்பற்றியதும், பின்னர் அந்நாட்டு அரசினர் நிலங்களைத் தமதாக்கிக்கொண்டதும் எத்தனையோ குடும்பங்களின் முதலை அழித்தன. முகப்பும் வளவும் நிமிர்ந்து நிற்க, உள்ளே கல்லூரிக் கட்டணத்துக்கு வழியற்ற இல்லங்களை நாம் அறிவோம். வீட்டின் உயரத்தைப் பார்த்து அப்பிள்ளைகளுக்கு உதவி மறுப்பது அறமன்று.

ஆகவே அன்பர்கள் முன் மூன்று செய்திகளை வைக்கின்றோம். முதலாவது, உதவி கட்டணம் செலுத்தும் நாளுக்கு முன்னரே சென்று சேர்தல் வேண்டும்; அரசினர் தொகை வந்தபின் அதனை ஈடுசெய்து கொள்ளலாம். இரண்டாவது, படிப்பு முடியுமளவும் அறாது தொடர்தல் வேண்டும். மூன்றாவது, நிதியில் ஒரு பகுதியேனும் குலம் பாராது வறியோர் அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். தாம் கட்டிய கல்லூரியில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் கற்கக் கண்டு மகிழ்ந்த வள்ளலின் நாட்டில் இஃதொரு புதுமையன்று. பழைய மகமையின் நேரிய வளர்ச்சியே.

வருகின்ற ஆண்டுக் கூட்டத்தில் இதனை அன்பர்கள் ஆராய்ந்து முடிவு செய்வாராக. அடுத்த ஜூன் மாதத்தில் ஒரு தாயின் தோடேனும் அடகுக் கடைக்குப் போகாதிருக்குமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றவராவோம்.