மூன்று தோல்விகளும் ஒரு வால்வும்

மறைமலை நகரில் அத்தை வீட்டில் தங்கினால், ராத்திரி ஃபேன் நின்றதும் அவர் நெஞ்சிலிருந்து மெலிசாக ஒரு ‘டிக்’ கேட்கும். “பயப்படாதடா, என் வால்வுதான்” என்பார். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது.

உள்ளே இருப்பது சித்ரா வால்வு. 1970களில் செயற்கை வால்வு என்றால் இறக்குமதிதான்; ஏழைகளுக்கு எட்டாத விலை. அந்தக் காய்ச்சல் அதிகம் தாக்கியதோ அவர்களைத்தான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், எஞ்சினியர்களைச் சேர்த்துக்கொண்டு ‘நாமே செய்வோம்’ என்று இறங்கினார். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவதில் கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் பாலிஎத்திலீன் தட்டு. செம்மறியாடுகளில் சோதித்த பிறகு, 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரித்து, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போயிருக்கிறது.

என் கோடில் பிழை வந்தால் மறுநாள் திருத்திவிடலாம். அத்தையின் தட்டு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடணும். அந்த மூன்று மாதிரிகளும் மனித உடம்புக்குள் போகும் முன்பே தோற்றுவிட்டன. ஆராய்ச்சி என்பதே அதுதான்.

காட்டாங்குளத்தூரில் பயோமெடிக்கல் படிக்கும் பிள்ளைகள் ரயிலில் “புராஜெக்ட் சொதப்பிடுச்சு” என்று புலம்பும்போது, அத்தை வீட்டுக்கு ஒரு ராத்திரி கூட்டிப்போகத் தோன்றும்.