திண்டுக்கல்லின் பழைய குடியிருப்புகளும் புதிய மனைப்பிரிவுகளும்

திண்டுக்கல் ஒரு பாறைக்குன்றின் அடியில் வளர்ந்த நகரம். இதன் பழைய தெருக்கள் கோட்டையையும் தொழிலையும் ஒட்டி அமைந்தன. புதிய நகர்கள் சாலையை ஒட்டி அமைகின்றன. தண்ணீர் பழையவற்றுக்கும் போதவில்லை, புதியவற்றுக்கும் போதவில்லை. ஆகவே நகருக்குக் குடிநீர் தரும், தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஆத்தூரைச் சேர்க்காமல் இவ்வூரின் குடியிருப்பு வரலாறு முழுமை பெறாது.

குன்றின் மேல் கோட்டை கட்டும் பணியை மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர் 1605-இல் தொடங்கினார். திருமலை நாயக்கர் காலத்தில் அது நிறைவடைந்தது. பின்னர் கோட்டை மைசூர் ஆட்சிக்குப் போனது. 1755-இல் ஐதர் அலி இங்கே பௌஜ்தாராக, அதாவது படைப்பொறுப்பாளராக, வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1783-இல் கோட்டையைப் பிடித்தது, அடுத்த ஆண்டே திருப்பிக் கொடுத்தது, 1790-இல் மறுபடியும் பிடித்தது. 1792-இன் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஊர் நிலையாகக் கம்பெனியின் கைக்கு வந்தது. இத்தனை கைமாற்றத்தின் தடமும் தெருப்பெயர்களில் இருக்கிறது. ஐதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கும் பகுதி பேகம்பூர். அதற்கு எட்டும் தூரத்தில் குன்றடியில் கோட்டை மாரியம்மன் கோயில். திப்புவின் காலத்துப் படைவீரர்கள் நிறுவியது என்பது ஊர் வழக்கு. பழைய திண்டுக்கல்லைச் சுற்றிப் பார்க்க விரும்புவோர் மேலே ஏறிக் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியவை குன்றடித் தெருக்கள்தான்.

நாகல் நகரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் குடியேறினர். பூட்டுப் பட்டறைகளும் அப்பக்கத்தில் பெருகின. வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலுமே அரமும் சுத்தியலும் ஓடியதால், இங்கே வீடு வேறு, தொழிற்கூடம் வேறு என்று பிரிக்க வழியில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் வடநாட்டு அலிகார் பூட்டின் போட்டி பல பட்டறைகளை மூடவைத்திருந்தது. ஸ்பென்சர் கம்பெனி நடத்திய சுருட்டுத் தொழிலின் நினைவாக ஸ்பென்சர் காம்பவுண்ட் என்ற பெயர் நிற்கிறது. தோல் பதனிடும் தொழில் தந்தது பெயரை அல்ல, கெட்டுப்போன கிணறுகளை.

நகராட்சி 1866-இல் அமைந்தது. ரயில் 1875-இல் வந்தது. அதன்பின் ஊர் பெரிதாகப் பெரிதாகக் குடிநீர்த் தட்டுப்பாடும் கூடியது. குடகனாற்றின் தலைப்பகுதியில், ஆத்தூரை ஒட்டிக் கட்டப்பட்ட காமராஜர் நீர்த்தேக்கம் நகரத்தின் தாகத்தைத் தணித்தது. அணையின் உயரம் 23.5 அடிதான். ஒரு மழைக்காலம் பொய்த்தால் திண்டுக்கல்லில் காலிக்குடங்கள் வரிசையில் நிற்கும். ஆத்தூர், சித்தையன்கோட்டை வயல்களுக்கும் கீழ்ப்பகுதிக் குடகனாற்றுப் பாசனத்துக்கும் தண்ணீரைப் பங்கிடுவதில் ராஜவாய்க்கால் என்ற கால்வாயை முன்வைத்து நெடுங்காலமாகப் பூசல் உண்டு. நகரத்துக் குழாய்க்குப் பின்னால் இருக்கும் இந்தக் கணக்கை மனை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

ஆத்தூர் வட்டத்திலேயே வேறு விதமான புதுக்குடியிருப்பும் உருவானது. சின்னாளபட்டி நெசவூருக்கு அருகே டி. எஸ். சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினர். பள்ளி, மருத்துவமனை, கதர்த் தொழில், பணியாளர் வீடுகள் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்தன. 1956-இல் வந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாவட்டத்தில் திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்று முதலில் இதைச் சொல்லலாம்.

1985-இல் மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்ததும் அரசு அலுவலர்கள் வந்தனர். அவர்களுக்காகக் காலனிகள் எழுந்தன. 2014-இல் நகரம் மாநகராட்சியானது. நான்குவழிச் சாலையோரம் மானாவாரி நிலங்களில் எல்லைக்கல் நட்டு, கொடித்தோரணம் கட்டி, சென்ட் கணக்கில் விற்பனை நடந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது மாநிலமெங்கும் விற்பனை முடங்கியது. அதற்கு முன் போடப்பட்டவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-இல் வந்தன. அதிலிருந்து ‘டிடிசிபி அப்ரூவ்டு’ (நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்றது) என்ற சொல் இல்லாத விளம்பரப் பலகை அரிது. ஒப்புதல் கிடைத்த மனையிலும் பல ஆண்டுகள் வீடு எழுவதில்லை, சீமைக்கருவேலம்தான் எழுகிறது. மனையை வாங்கியவருக்கு அது குடியிருக்க இடமல்ல, சேமிப்பு.

இதற்கு விலக்காக, நகருக்கு அருகே தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் குடும்பங்களுக்காக அரசு கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறக்கப்பட்டன. முகாம் கொட்டகைகளில் நெடுங்காலம் இருந்தவர்கள் உடனே குடியேறினர்.