சதை போட மாத்திரை, சதை குறைய ஊசி

1984-ல் டி.ஃபார்ம் முடித்து நாகல்நகரில் ஒரு மருந்துக் கடைக் கவுன்டரில் நின்றேன். உடம்பு இளைக்க மருந்து கேட்டு அன்று ஒருவரும் வந்ததில்லை. வந்தவர்கள் கேட்டது, “சதை போட ஏதாச்சும் குடுங்கண்ணே.” தறிக்கார வீட்டு அம்மா ஒருவர் மகளின் கையைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடி வளையல் முழங்கை வரை சரிந்து போனது. மறுவாரம் பெண் பார்க்க வருகிறார்களாம்.

அப்போது கைமாறியது சைப்ரோஹெப்டடின். அலர்ஜிக்கு வந்த மாத்திரை. செரட்டோனினும் ஹிஸ்டமினும் போய் உட்காரும் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். பசி எடுக்கும், தூக்கமும் சொக்கும்.

என் அப்பா பூட்டுப் பட்டறைக்காரர். மருந்து வேலை செய்யும் விதத்தை எனக்குப் புரிய வைத்தது அந்தப் பட்டறைதான். உடம்பில் இருக்கும் ஏற்பி ஒரு பூட்டு. சில மருந்து அதைத் திறக்கும். சில மருந்து துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரே சாவி பக்கத்து வீட்டையும் திறந்துவிட்டால்தான் ஆபத்து. பசியை அடக்க வந்த ஃபென்ஃப்ளூரமினுக்கு அதுதான் நடந்தது. செரட்டோனினைக் கூட்டி வயிறு நிறைந்த உணர்வைத் தந்த மருந்து, இதய வால்வில் இருந்த செரட்டோனின் பூட்டையும் திறந்து வால்வைத் தடிக்க வைத்தது. 1997-ல் அமெரிக்காவில் விலக்கிக்கொண்டார்கள்.

2000-க்குப் பிறகு எங்கள் ஊரிலும் கேள்வி மாறியது. சிபுட்ரமின் 10 மி.கி. கேப்சூலை வெங்காய மண்டிக்காரர்கள் பெயர் சொல்லியே கேட்டார்கள். சீட்டு இல்லாமல் நானும் கொடுத்திருக்கிறேன்; பிரஷர் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல். அது நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும் மருந்து. ஏறத்தாழ 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தது தெரிந்தது. 2010-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் நிறுத்தின, 2011-ல் இந்தியா தடை செய்தது. நான் கொடுத்தது தவறு. அந்த மண்டிக்காரர்களின் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

ரிமோனபன்ட் அதற்கும் முன்பே போய்விட்டது. கஞ்சா வேலை செய்யும் அதே மூளைப் பூட்டை அடைத்துப் பசியைக் குறைத்தது. கூடவே மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவந்தது. 2009-ல் இங்கே தடை.

ஆர்லிஸ்டாட் மட்டும் நிலைத்தது. அது மூளைப் பக்கமே போவதில்லை. குடலில் கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸை முடக்கி, தின்ற கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை அப்படியே வெளியே தள்ளிவிடும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு அதைப் போட்டவர்கள் மறுநாள் எண்ணெயாகப் போகிறது என்று பதறி வருவார்கள்.

இப்போது ஊசிக் காலம். சாப்பிட்டதும் குடலில் சுரந்து பசியை அடக்கும் ஹார்மோனான ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். ஒரு நொதி அந்தச் சாவியின் பல்லைத் தேய்த்துவிடுகிறது. 1992-ல் ஜான் எங் என்பவர் ஹீலா பல்லியின் விஷத்தில் எளிதில் தேயாத சாவி ஒன்றைக் கண்டார். அந்த வழியில் வளர்ந்த செமாகுளுடைடு ஒரு வாரம் தாங்கும். டிர்செபடைடு ஒரே சாவியில் இரண்டு பூட்டைத் திறக்கும். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் அது இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய்.

சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் தலைமையில் ஐசிஎம்ஆர் நடத்திய ஆய்வு, நாட்டில் 25.4 கோடிப் பேருக்கு உடல் பருமன் என்று 2023-ல் கணக்கிட்டது. மருந்து தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊசியை நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி ஒரு வருடத்தில் திரும்பிவிடுகிறது. கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

இந்த ஊசி என் ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறது. கேட்டு வருகிறவர்கள் தயவுசெய்து டாக்டர் சீட்டோடு வாருங்கள். சீட்டு இல்லாமல் இனி யாருக்கும் எடுத்துத் தர மாட்டேன்.