யார் சொல் செல்லும்?

வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து என் வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்தி, பிளஸ் டூ முடித்து ஓராண்டு நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்த்தவள். "ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் புது மாஸ்க் குடுப்பாங்க மேம். கேட்டா எட்டு மணி நேர வேலைதான்னு சொல்லச் சொல்லுவாங்க" என்றாள். அவளும் அப்படியே சொன்னாளாம். ஆலைக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அவள் பிறந்த கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். ஜாகீர்தாரின் அதிகாரத்துக்குப் பரம்பரைப் பட்டமே போதும். உலகச் சந்தையில் துணி விற்பவர்களுக்கு அது போதவில்லை. 1990களில் ஆயத்த ஆடைத் தொழிலின் கொடுமைகள் மேலை நாடுகளில் அம்பலமானபோது, நிறுவனங்கள் தாங்களே நடத்தை விதிகளை எழுதிக்கொண்டன. 1997இல் எஸ்ஏ 8000 என்ற தனியார் சான்றிதழ் வந்தது.

இந்தச் சான்றிதழ்களை எந்தச் சட்டமன்றமும் இயற்றவில்லை. பிறகு எப்படிச் செல்லுபடியாயின? பெரிய பிராண்டுகள் கேட்டதால் ஆலைகள் வாங்கின. பொதுவாக ஆலையே பணம் கட்டியது. தணிக்கையாளர் வந்து பார்த்தார். கடையில் வாங்குபவர் நம்பினார். ஒருவர் நம்பிக்கை மற்றவருக்கு முட்டுக்கொடுத்தது. தறியிலும் தையல் மெஷினிலும் நின்ற பெண்ணை யாரும் அதில் சேர்க்கவில்லை.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை எஸ்ஏ 8000 பெற்றிருந்தது. தமிழ்நாட்டு நூற்பாலைகளில், மூன்றாண்டு முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டி இளம்பெண்களை விடுதிக்குள் அடைத்த முறைக்கு 'சுமங்கலித் திட்டம்' என்றே பெயர். 2011இல் நெதர்லாந்து அமைப்புகளின் ஆய்வு அதை வெளிக்கொண்டுவந்தது. அந்த நூலும் துணியும் ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளுக்குத்தான் போயின.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கேப், பிவிஎச் ஆகியவையும் இணைந்தன. இதுவும் தனியார் ஏற்பாடுதான். ஆனால் இங்கே சங்கம் தேர்ந்தெடுத்த தொழிலாளிகளே தளத்தில் கண்காணித்தார்கள். ஆலை மீறினால் ஆர்டர் குறையும் என்று விதி இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அந்த ஆலைச் சரக்கைத் தடுத்த அமெரிக்கச் சுங்கத்துறை, செப்டம்பரில் தடையை நீக்கியது.

இந்த ஒப்பந்தம் ஒரு நிறுவனத்தின் ஆலைகளுக்குத்தான். என் மாணவி வேலை பார்த்த ஆலையில் சங்கம் கிடையாது. அடுத்த மே மாதம், பிளஸ் டூ முடிவு வந்ததும், தரகர்கள் மறுபடி மலையேறுவார்கள். துணிக்கடையில் சீட்டைத் திருப்பிப் பார்க்கும் நாம் ஒன்றை மட்டுமாவது கேட்கலாம்: அந்தப் பெண்ணிடம் கேள்வி கேட்டபோது, பக்கத்தில் யார் நின்றார்கள்?